ஸ்வாப் எடுப்பது ஏன், எப்படி? செக்யூரிட்டி செக் முதல் லேப் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியப்பாவை முதன்முதலாக விமானத்தில் கூட்டிப்போன அன்று, செக்யூரிட்டி செக்கில் அவர் பையை மட்டும் தனியே எடுத்து வைத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் கைப்பிடியின் நுனியில் சின்ன வெள்ளைத் துணித்துண்டை (இதுதான் ஸ்வாப்) மாட்டி, பையின் ஜிப், கைப்பிடி, பெரியப்பாவின் உள்ளங்கை என்று வரிசையாகத் துடைத்தார் காவலர். அதைப் பக்கத்திலிருந்த மெஷினில் செருகினார். எட்டுப் பத்து நொடிதான், மெஷின் கத்திவிட்டது. பெரியப்பாவுக்கு முகம் வெளிறிப் போயிற்று.

காரணம் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அவருக்கு நெஞ்சுவலி உண்டு. காரில் வரும்போது நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரேயை எடுத்து ஒரு தடவை அடித்திருந்தார். அதில் கொஞ்சம் கையில் பட்டிருக்கிறது. டைனமைட்டுக்கு உயிர்கொடுப்பதும் அதே நைட்ரோகிளிசரின்தான். மெஷின் தப்பாகச் சொல்லவில்லை. கையில் நைட்ரோகிளிசரின் இருந்தது, இருக்கிறது என்றது. அது மருந்தா வெடிமருந்தா என்பது அதற்குத் தெரியாது.

நான் லேப்பில் வேலை பார்ப்பவன். தொண்டை, மூக்கு, புண் என்று வந்துகொண்டே இருக்கும் ஸ்வாப்களில்தான் என் பகல் போகிறது. அந்தப் பழக்கத்தில், விமான நிலையத்து ஸ்வாப்பையும் லேப் ஸ்வாப்பையும் தடயவியல் ஸ்வாப்பையும் ஒரே இடத்தில் வைத்து எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. மூன்றிலும் வேலை ஒன்றுதான்: ஒரு பரப்பில் ஒட்டியிருப்பதைத் துடைத்து எடுப்பது, கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அப்புறம் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. கோடி ரூபாய் மெஷின் எல்லாம் மூன்றாவதற்குத்தான். தவறுகளோ பெரும்பாலும் முதல் இரண்டில் நடக்கின்றன.

விமான நிலையத்தில்: முகராமல் துடைப்பது ஏன்?

நாய் முகர்ந்து கண்டுபிடிக்கிறதே, மெஷினும் காற்றை இழுத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். சில வெடிமருந்துகளுக்குப் போதும். நைட்ரோகிளிசரின் ஓரளவு ஆவியாகும். வீட்டிலேயே கலந்து தயாரிக்கப்படும் டி.ஏ.டி.பி. வேகமாகவே ஆவியாகும். ஆனால் ஆர்.டி.எக்ஸ்., பி.இ.டி.என். இரண்டும் சாதாரண வெப்பத்தில் ஆவியாவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. பிளாஸ்டிக் வெடிமருந்துகளில் இருப்பவை இவைதான்.

1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் 103 விமானம் வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் கீழே ஊரில் 11 பேரும் இறந்தார்கள். ஒரு ரேடியோ கேசட் பிளேயருக்குள் செம்டெக்ஸை வைத்து, அதைச் சூட்கேசில் போட்டு அனுப்பியிருந்தார்கள். செம்டெக்ஸ் என்பது பி.இ.டி.என்., ஆர்.டி.எக்ஸ். கலவை. எக்ஸ்ரேயில் அது ஒரு ரேடியோ, அவ்வளவுதான். இதற்குப் பிறகு 1991இல் மாண்ட்ரியலில் ஓர் உடன்படிக்கை வந்தது: பிளாஸ்டிக் வெடிமருந்து தயாரிக்கும்போதே எளிதில் ஆவியாகும் ஓர் அடையாளப் பொருளைக் கலந்துவிட வேண்டும். மணமில்லாத ஒன்றுக்கு வேண்டுமென்றே மணம் ஏற்றுவது. சமையல் கேஸில் நாற்றம் கலக்கிறார்களே, அதே யோசனை. ஆனால் பழைய சரக்கிலும் திருட்டுத்தனமாகத் தயாரிப்பதிலும் அது இருக்குமா?

ஆவியாகாத பொருளுக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஒட்டிக்கொள்ளும். மசால்வடை சாப்பிட்ட கையோடு செல்போனை எடுத்தால் திரையில் எண்ணெய்த் தடம் விழுகிறதே, அப்படி. பிளாஸ்டிக் வெடிமருந்தைத் தொட்ட விரல் பதிக்கும் ரேகையில் மைக்ரோகிராம் கணக்கில் துகள்கள் இருக்கும். அதாவது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு. மெஷினுக்கோ நானோகிராம், 100 கோடியில் ஒரு பங்கு, போதும். ஆக, பார்க்கும் திறனைவிட இருக்கும் சரக்கு பல மடங்கு அதிகம். அதைப் பரப்பிலிருந்து கிளப்பி எடுப்பதுதான் பாடு. துணியின் வேலை அது.

2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவர் உள்ளாடையில் பி.இ.டி.என். வைத்து வெடிக்கப் பார்த்தார். வெடிக்கவில்லை, தீப்பிடித்தது; பயணிகளே அமுக்கிப் பிடித்தார்கள். அதற்கு அடுத்த சில வாரங்களில்தான் அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் கையைத் துடைத்துப் பார்ப்பது பரவலானது. அதுவரை பெரும்பாலும் பையைத்தான் துடைத்தார்கள்.

காவலர் செய்வது என்ன: படிப்படியாக

முதல் படி, சுத்தமான ஸ்வாப். பருத்தித் துணி, சூடு தாங்கும் நோமெக்ஸ், டெஃப்லான் பூசிய கண்ணாடி இழை என்று மெஷினுக்கு ஏற்ப மாறும். வெறும் காகிதம் ஏன் ஆகாது? மெஷினுக்குள் போனதும் 200 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் சூடேற்றுவார்கள். கருகாமலும், தன் பங்குக்கு ஒரு புகையைக் கிளப்பாமலும் இருக்க வேண்டும். துடைக்கப்போகும் பகுதியில் விரல் படக் கூடாது.

இரண்டாவது, எங்கே துடைப்பது. இதில்தான் ஆளின் அனுபவம் தெரியும். பையின் பரந்த முதுகைத் தேய்ப்பதில் பயன் குறைவு. கை பட்ட இடம் வேண்டும்: ஜிப் இழுக்கும் நாக்கு, கைப்பிடியின் உட்புறம், பூட்டு, லேப்டாப் மூடியின் விளிம்பு, செல்போன் உறை, பெல்ட் பக்கிள்.

மூன்றாவது, எப்படித் துடைப்பது. அழுத்தி, ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த துகளைத் திரும்பப் பரப்பிலேயே விட்டுவிட வாய்ப்புண்டு. துடைத்த பகுதி துணியின் நடுவில் சிறு வட்டத்துக்குள் இருக்க வேண்டும், மெஷின் சூடாக்குவது அந்த வட்டத்தை மட்டும்தான்.

நான்காவது, மெஷின். சூட்டில் துகள்கள் ஆவியாகும். அந்த ஆவிக்கு மின்னூட்டம் ஏற்றுவார்கள்; இதற்குப் பல மாடல்களில் நிக்கல்-63 என்ற கதிரியக்கத் தகடு உண்டு, புதியவை சிலவற்றில் அது இல்லாமலே ஆகிவிடும். பிறகு காற்று நிரம்பிய ஒரு குழாயில் மின்புலத்தால் இழுத்து ஓடவிடுவார்கள். தைப்பூசக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சன்னதியை நோக்கி எல்லாரும் ஒரே விசையோடுதான் தள்ளப்படுகிறார்கள், ஆனால் ஒல்லியான பையன் இடுக்கில் புகுந்து முதலில் போய்விடுகிறான், வாட்டசாட்டமானவர் நாலு பேரை இடித்துக்கொண்டு தாமதமாக வருகிறார். குழாயிலும் சின்ன மூலக்கூறு முந்தும், பெரியது பிந்தும். எல்லாம் சில மில்லி விநாடிகளுக்குள். எது எந்த நேரத்தில் வந்து சேரும் என்ற பட்டியல் மெஷினிடம் இருக்கிறது. நேரம் பொருந்தினால் அலாரம்.

பொருந்தினால் என்று சொன்னேன், கவனியுங்கள். மெஷின் ஆளைப் பார்க்கவில்லை, வந்துசேர்ந்த நேரத்தை மட்டும் பார்க்கிறது. வேறொரு பொருள் அதே நேரத்தில் வந்து சேர்ந்தாலும் கத்தும்.

ஐந்தாவது படி அதனால்தான். அலாரம் அடித்ததும் மெஷினைச் சுத்தமாகச் சூடேற்றி, ஒன்றும் துடைக்காத வெறும் ஸ்வாப்பை ஓட்டிப் பார்த்து, குழாயில் பழைய மிச்சம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, புது ஸ்வாப்பில் மறுபடி எடுப்பார்கள். பிறகு பையைத் திறந்து கையால் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். நம் ஊரில் இதைச் செய்வது பெரும்பாலும் சி.ஐ.எஸ்.எஃப்., அதாவது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. அலாரம் என்பது விசாரணையின் தொடக்கம், முடிவு அல்ல. பெரியப்பா விஷயத்திலும் அதுதான் நடந்தது. ஸ்ப்ரேயையும் டாக்டர் சீட்டையும் காட்டினார், பையைக் கொட்டிப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். பதினைந்து நிமிடம்.

பயணிகள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நைட்ரேட் வகை இதய மருந்து எடுப்பவர்கள் டாக்டர் சீட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், ஸ்ப்ரே அடித்தபின் கை கழுவுங்கள். வயலில் நைட்ரேட் உரம் போட்டுவிட்டு வருபவர்கள், சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலையில் இருப்பவர்கள், துப்பாக்கிப் பயிற்சிக்குப் போய்வந்தவர்கள், கல்குவாரிக்காரர்கள் எல்லாரும் வேலைக்குக் கொண்டுபோகும் பையையே பயணத்துக்கும் எடுக்காமல் இருந்தால் நல்லது. கையைக் கழுவலாம், ஜிப்பைக் கழுவ முடியாது. அலாரம் அடித்தால் பதறாமல், சமீபத்தில் எதைத் தொட்டீர்கள் என்று யோசித்துச் சொல்லுங்கள். கிண்டலாக “பாம் வச்சிருக்கேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னவர்கள் விமானத்தை விட்டிருக்கிறார்கள், வழக்கும் வாங்கியிருக்கிறார்கள்.

சீட்டுக்கட்டு தொட்ட கைகள்

அலாரத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கு இருக்கிறது. 1974 நவம்பர் 21 இரவு பர்மிங்காம் நகரில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். அன்றிரவே அயர்லாந்துக்காரர்கள் ஐந்து பேரை ஹேஷம் துறைமுகத்தில் பிடித்தார்கள். ஆறாமவர் பிறகு பிடிபட்டார். அந்த ஐந்து பேர் பெல்ஃபாஸ்ட்டுக்குக் கப்பல் ஏற வந்தவர்கள். ரயிலில் வந்த நேரமெல்லாம் சீட்டு விளையாடியிருந்தார்கள்.

காவல் நிலையத்தில் ஒரு தடயவியல் நிபுணர் அவர்களுடைய கைகளைத் துடைத்து எடுத்தார். செய்தது கிரீஸ் சோதனை என்ற பழைய முறை: கரைசலை ஊற்றினால், நைட்ரைட் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். இரண்டு பேர் கையில் மாறியது. அவர்கள் வெடிமருந்தைத் தொட்டிருக்கிறார்கள் என்பதில் 99 சதவீதம் உறுதி என்று நீதிமன்றத்தில் சொன்னார் அவர். 1975இல் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை. காவலில் அடித்து வாங்கிய வாக்குமூலங்களும் சேர்ந்துகொண்டன.

சிக்கல் என்னவென்றால் நைட்ரோசெல்லுலோஸிலும் அதே நிறம் வரும். வார்னிஷில் அது உண்டு, பூச்சுகளில் உண்டு. சீட்டுக்கட்டின் பளபளப்புப் பூச்சிலும் உண்டு. பின்னால் சிலரைச் சீட்டுக்கட்டு கலைக்கச் சொல்லி, அந்தக் கைகளைத் துடைத்துச் சோதித்தபோது அதே பாசிட்டிவ் வந்தது. 1991 மார்ச் 14 அன்று ஆறு பேரும் விடுதலையானார்கள். 16 வருடம் போயிருந்தது.

அதே காலத்தில் லண்டனில் மகுவைர் குடும்பத்தாரையும் உடன் இருந்தவர்களையும் சேர்த்து ஏழு பேரை, கைகளிலும் கையுறைகளிலும் நைட்ரோகிளிசரின் தடம் இருந்தது என்று உள்ளே போட்டார்கள். அதுவும் 1991இல் ரத்தானது. எல்லாரும் ஒரே துண்டில் கை துடைத்திருந்தாலே தடம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கக்கூடும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஏழு பேரில் ஒருவர் அதற்கு முன்பே, 1980இல், கைதியாகவே இறந்துவிட்டிருந்தார்.

இந்த இரண்டு வழக்கையும் லேப்புக்கு வரும் புதுப் பிள்ளைகளிடம் சொல்வேன். பாசிட்டிவ் வந்ததும் துள்ளாதே, வேறு எதனால் இது வரும் என்று முதலில் கேள் என்பதற்காக.

லேப்பில்: குச்சியின் நுனியில் இருக்கும் சூட்சுமம்

காது குடையும் பஞ்சுக்குச்சிக்கும் லேப் ஸ்வாப்புக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சு உறிஞ்சும், ஆனால் உறிஞ்சியதை லேசில் விடாது. நாம் தேடும் கிருமி நூலுக்குள் சிக்கிக்கொண்டு கரைசலில் இறங்காது. இப்போது பரவலாக இருக்கும் ஃப்ளாக்ட் ஸ்வாப்பில் நைலான் இழைகள் வெல்வெட் துணி மாதிரி செங்குத்தாக நிற்கும். நடுவில் பஞ்சு உருண்டை கிடையாது. எடுத்ததெல்லாம் மேலேயே இருக்கும், கரைசலில் ஆட்டினால் இறங்கிவிடும். இதைக் கொண்டுவந்தது இத்தாலியின் பிரெஷா நகரத்து நிறுவனம் ஒன்று. 2020இல் கொரோனா இத்தாலியில் கடுமையாக உலுக்கிய பகுதிகளில் அதுவும் ஒன்று. உலகமே ஸ்வாப் கேட்டபோது தயாரிப்பவர்களின் ஊரே படுத்துக் கிடந்தது. அந்த மார்ச்சில் அமெரிக்க விமானப்படை விமானத்தில் இத்தாலியிலிருந்து ஸ்வாப்பை அள்ளிக்கொண்டு போனார்கள்.

பி.சி.ஆர். பரிசோதனைக்கு மரக்குச்சி ஸ்வாப்பும் கால்சியம் ஆல்ஜினேட் ஸ்வாப்பும் ஆகாது. அவற்றிலிருந்து கசியும் பொருள் பரிசோதனையையே முடக்கிவிடும். நோய் இருந்தும் நெகட்டிவ் வரும்.

மூக்கு ஸ்வாப் எல்லாரும் கொடுத்திருப்பீர்கள். கண்ணில் நீர் வர மூளையைத் தொட்டுவிட்டார்கள் என்று திட்டியும் இருப்பீர்கள். சரியாகச் செய்தால் அது மேலே போகவே கூடாது. நோயாளியின் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, குச்சியை மூக்கின் தரையோடு, அண்ணத்துக்கு இணையாக, காதை நோக்கிச் செலுத்த வேண்டும். மூக்குத் துளைக்கும் காதுத் துளைக்கும் இடைப்பட்ட தூரத்தில் பாதியாவது போனால் பின்சுவரில் மெத்தென்று தட்டும். இடையில் முட்டினால் அழுத்தக் கூடாது. எடுத்துவிட்டு மற்ற துளையில் முயலலாம். தட்டியதும் சில நொடி அப்படியே வைத்து ஊறவிட்டு, மெதுவாகச் சுழற்றி வெளியே எடுக்க வேண்டும். அந்தச் சில நொடியைத்தான் அவசரக்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள். வாசலில் துடைத்துவிட்டு வந்த ஸ்வாப்புக்கு நெகட்டிவ் வந்தால் அது நோயாளியைப் பற்றிய செய்தி இல்லை, எடுத்தவரைப் பற்றிய செய்தி.

அப்புறம் குச்சியில் வெட்டு விழுந்த இடத்தில் ஒடித்து, இளஞ்சிவப்புக் கரைசல் இருக்கும் குழாயில் போட்டு மூடி, பெயர், தேதி, நேரம் எழுதி, 2 முதல் 8 டிகிரி குளிரில் லேப்புக்கு அனுப்ப வேண்டும். பெயரில்லாத குழாய் மாதம் ஒன்றிரண்டு வரும். “அது அந்தப் பச்சைச் சட்டைக்காரருது சார்” என்று போனில் சொல்வார்கள். அதை வாங்க முடியாது, திரும்ப எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டியதுதான்.

தொண்டை ஸ்வாப்பில் இரண்டு டான்சில்களையும் பின்சுவரையும் தேய்த்து எடுக்க வேண்டும். நாக்கிலும் உள்நாக்கிலும் பட்டுவிட்டால் வாயில் வழக்கமாகக் குடியிருக்கும் கிருமிகள்தான் கல்ச்சரில், அதாவது லேப்பில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கொழுத்து வளரும்.

புண் ஸ்வாப்பில் நடக்கும் தவறு இதைவிடப் பெரிது. சர்க்கரை நோயாளியின் கால்புண் என்று வையுங்கள். மேலே சீழ் கண்ணெதிரே இருக்கிறது, அதைத் தொட்டு அனுப்பிவிடுவார்கள். அது செத்த அணுக்களும் தோலில் சும்மா திரியும் கிருமிகளும் கலந்த குப்பை. முதலில் சலைன் ஊற்றிச் சீழைக் கழுவ வேண்டும். டெட்டால் மாதிரி கிருமிநாசினி கூடாது, தேடுவதையே கொன்றுவிடும். பிறகு செத்த தோல் இல்லாத, சிவந்த, உயிருள்ள சதையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தைப் பார்த்து, உள்ளிருக்கும் நீர் கசியும் அளவுக்கு அழுத்தி, ஐந்து நொடி சுழற்ற வேண்டும். லெவின் முறை என்று இதற்குப் பெயர். ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஆழமான புண்ணுக்கு ஸ்வாப்பைவிடச் சிறு திசுத்துண்டே நம்பகம், டாக்டர் அதைக் கேட்டால் ஏன் வெட்டுகிறீர்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

இல்லாத கொலைகாரியைத் தேடிய கதை

தடயவியலில் காய்ந்த ரத்தக்கறைக்கு, ஸ்வாப்பைச் சுத்தமான நீரில் லேசாக ஈரமாக்கித் துடைத்து, அதே இடத்தை உலர்ந்த இன்னொரு ஸ்வாப்பாலும் துடைப்பார்கள். ஈரம் கிளப்பிவிட்டதை உலர்ந்தது வாரிக்கொள்ளும். இரண்டையும் காயவைத்துக் காகித உறையில் போட வேண்டும்; பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். அருகே கறையில்லாத இடத்திலும் ஒன்று, எதையும் தொடாத வெறும் ஸ்வாப் ஒன்று, ஒப்பீட்டுக்காக.

அந்த வெறும் ஸ்வாப்பின் அருமை ஜெர்மனியில் தெரிந்தது. 2007இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த டி.என்.ஏ. ஒரு பெண்ணுடையது. அதே டி.என்.ஏ. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று ஏறக்குறைய 40 இடங்களில் கிடைத்திருந்தது: கொலை, திருட்டு, கார் கடத்தல், எல்லாம். ஆளைக் காட்டினால் 3 லட்சம் யூரோ பரிசு என்றார்கள். 2009 மார்ச்சில் உடைந்தது குட்டு. அந்தப் பெண் எந்தக் குற்றத்தையும் செய்யவில்லை. பஞ்சுக்குச்சிகளை உறையில் போடும் இடத்தில் வேலை பார்த்தவர். அவருடைய டி.என்.ஏ. குச்சியோடு ஊர் ஊராகப் போயிருந்தது.

குச்சிகள் ஸ்டெரைல்தான். ஆனால் ஸ்டெரைல் என்றால் உயிருள்ள கிருமி இல்லை என்று அர்த்தம். செத்த அணுவில் டி.என்.ஏ. அப்படியே இருக்கலாம். இதற்கென்றே, மனித டி.என்.ஏ. கலக்காமல் தடயவியல் பொருள்களைத் தயாரிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 18385 தரம் 2016இல் வந்தது. உறையில் வெறும் ஸ்டெரைல் என்று போட்டிருந்தால் கல்ச்சருக்குச் சரி, தடயவியலுக்குப் போதாது.

சமையலறையில் மின்மினி

பெரிய ஹோட்டல், பால் ஆலை, இறால் பதப்படுத்தும் இடம் எல்லாவற்றிலும் இன்னொரு வகை ஸ்வாப் உண்டு. உயிருள்ளவை எல்லாவற்றிலும் இருக்கும் ஏ.டி.பி. என்ற பொருளை அது தேடும். குச்சியின் அடியில் மின்மினிப்பூச்சியை ஒளிரவைக்கும் லூசிஃபரேஸ் என்சைம் இருக்கும். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகத் துடைத்து, குழாயில் அழுத்திக் குலுக்கி, கையடக்க மீட்டரில் வைத்தால் சில நொடிகளில் ஓர் எண் வரும். அழுக்கு கூடினால் ஒளி கூடும், எண்ணும் கூடும். எந்தக் கிருமி என்று சொல்லாது. உணவு மிச்சமா கிருமியா என்றும் பிரிக்காது. துடைத்தது சுத்தமா இல்லையா, அதற்கு மட்டும் பதில்.

இதிலும் எங்கே துடைப்பது என்பதில்தான் விஷயம். ஒருமுறை நண்பரின் சமையலறையில் கூடவே இருந்து பார்த்தேன். காய் நறுக்கும் ஸ்டீல் மேசையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது, எண்ணும் அப்படியே தாழ்வாக வந்தது. மாஸ்டர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். அடுத்த குச்சியை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவுக் கைப்பிடியின் உட்புறத்தில், விரல்கள் மடங்கும் இடத்தில் விட்டுத் துடைத்தோம். மீட்டரைப் பார்த்த மாஸ்டர் ஒன்றும் பேசாமல் போய்த் துணியை நனைத்துக்கொண்டு வந்தார்.